மூன்றாவது தகடு

அக்டோபர் 12, ஞாயிறு

தினமும் எழுதினால் ஞாபகத்துக்கு நல்லது என்று ஓசூரிலிருந்து மகள் சங்கரி சொல்லிக்கொண்டே இருக்கிறாள். சரி, தொடங்குகிறேன். முப்பது வருஷம் கல்லூரியில் பௌதிகம் நடத்திய பழக்கம், யாருக்கோ விளக்குவது போலத்தான் எழுத வருகிறது.

இன்று எங்கள் ரேசர்க் கூட்டம். கூட்டம் என்பது பெரிய வார்த்தை. நான், பொன்னையா, பல் டாக்டர் ஹமீது, அவ்வளவுதான். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு டாக்டரின் கிளினிக்கில் கூடி, அவரவர் சேர்த்த பழைய ரேசர், பிரஷ், சவரக் கிண்ணம் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு பேசுவோம். டாக்டர் ஒரு பீங்கான் கிண்ணம் கொண்டுவந்தார். விளிம்பில் கீறல் இருந்தது. நான் பார்த்தேன், சொல்லவில்லை. பொன்னையா சொல்லிவிட்டார். டாக்டர் கோபப்படவில்லை. பொன்னையா சொன்னால் யாருக்கும் கோபம் வருவதில்லை. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக ஊர் ஊராகப் பேசியே வாழ்ந்தவர்.

கிளம்பும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"வேய் சார்வாள், உம்ம பெரிய துரைய ஒரு பத்து நாளைக்குத் தாரும். எம்மவனுக்கு அவருதான் முகம் வழிக்கணும்."

அவர்கள் வீட்டு வழக்கம் அது. கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளையைச் சொந்தக்காரர்கள் நடுவில் உட்காரவைத்து முகம் வழிப்பார்கள். மகன் ஜெபராஜுக்கு இந்த மாதம் கல்யாணம். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

பெரிய துரையும் சின்ன துரையும் என் இங்கிலீஷ் ரேசர்கள். பெயர் வைத்தவர் பொன்னையா. மலை எஸ்டேட் பங்களா ஒன்றில் பழைய சாமான்களை விற்றபோது ஒரே மாதிரி மூன்று ரேசர்கள் கிடைத்தன. இரண்டு எனக்கு, ஒன்று அவருக்கு. தன்னுடையதற்கு அவர் வைத்த பெயர் பட்லர். ஒவ்வொன்றும் மூன்று துண்டு: பிடி, மேல்மூடி, நடுவில் பிளேடைத் தாங்கும் பல்வைத்த தகடு. எல்லாம் பொன்முலாம். பெரிய துரையின் தகட்டில் பிளேடுக்கும் பல்லுக்கும் இடைவெளி குறைவு, அதனால் பூப்போல வழிக்கும். சின்ன துரையின் தகட்டில் இடைவெளி அதிகம், முரட்டுத் தாடிக்கானது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பட்லரை நான் அளந்து பார்த்ததில்லை. "பட்லரு கடிக்கான் வேய்" என்று பொன்னையா எப்போதும் சொல்வார்.

இருதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். சின்னக் கீறல் பட்டாலும் நிற்காது. எலக்ட்ரிக் மெஷினுக்கு மாறுங்கள் என்றார்கள். பெரிய துரை இருக்கும்வரை அவசியமில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஆறு வருஷத்தில் ஒரு காயம் கிடையாது.

அக்டோபர் 15, புதன்

பெரிய துரையைக் கொடுத்தேன். மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. பிரமு பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "மனசில்லன்னா இல்லன்னு சொல்லணும். குடுத்துட்டு எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கிய?" என்றாள். மனைவி கேட்பதில் நியாயம் இருக்கிறது.

அக்டோபர் 24, வெள்ளி

நேற்று கல்யாணம். மாப்பிள்ளையின் கன்னம் கண்ணாடி மாதிரி இருந்தது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பொன்னையா என்னைக் காட்டி, "சார்வாளோட துரைதான் வழிச்சாரு" என்றார். கூச்சமாக இருந்தது. இருந்தாலும் நன்றாகத்தான் இருந்தது.

பிரியாணி எனக்காகத் தனியாகக் காய்கறியில் செய்திருந்தார்கள்.

அக்டோபர் 26, ஞாயிறு

பெரிய துரை திரும்பி வந்துவிட்டார், கூடவே ஒரு டப்பா நிறைய முந்திரிக்கொத்து. பொன்னையா காப்பி குடித்துவிட்டுப் போனார்.

ஐப்பசி பிறந்துவிட்டது. வானம் மூடிக்கொண்டு நிற்கிறது. மழைக்காலம் முழுதும் ரேசர்களைக் காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா பொட்டலத்தோடு வைத்து டேப் ஒட்டிவிடுவேன். ஐப்பசியில் மூடினால் தையில்தான் திறப்பது. நடுவில் ஒருமுறை திறந்தாலும் ஈரம் புகுந்து முலாம் கறுக்கும். வெளியே இருப்பது பெரிய துரை ஒருவர்தான்.

வழக்கமாக ஒன்றைக் கழுவித் துடைத்து முடித்த பிறகே அடுத்ததைத் தொடுவேன். இன்று தூறல் தொடங்கிவிட்டதால் பெரிய துரையையும் சின்ன துரையையும் ஒன்றாகக் கழற்றி ஒரே வட்டையில் வெந்நீரில் ஊறப்போட்டேன். அதற்குள் சங்கரி போன் செய்தாள். மாத்திரை, டாக்டர், பிரஷர், எல்லாம் விசாரித்து முடிக்க நேரமாகிவிட்டது. தண்ணீர் ஆறிவிட்டது. துடைத்துப் பூட்டி, சின்ன துரையைப் பெட்டியில் வைத்து, டேப் ஒட்டினேன். சரியாக அந்த நேரம் மழை பிடித்துக்கொண்டது. நேரத்தோடு முடித்ததில் திருப்தி.

அக்டோபர் 28, செவ்வாய்

தாடைக்குக் கீழே சிறு கீறல். படிகாரம் வைத்தேன். என் கைதான் சரியில்லை போலும்.

நவம்பர் 1, சனி

மறுபடியும் கீறல், அதே இடம். புது பிளேடு போட்டேன். நுரை போதவில்லையோ என்று சோப்பை இன்னும் குழைத்தேன். கண்ணாடி முன்னால் கையை நீட்டிப் பார்த்தேன். நடுங்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. தோன்றுவதை நம்பலாமா?

நவம்பர் 5, புதன்

படுத்துக்கொண்டு எழுதுகிறேன். காலையில் கழுத்தில் ஆழமாக வெட்டிவிட்டது. துண்டு முழுவதும் சிவப்பு. படிகாரத்துக்கு நிற்கவில்லை. பிரமு யாரைக் கூப்பிடுவது என்று யோசிக்கவே இல்லை, பொன்னையாவுக்குத்தான் போன் செய்தாள். கொட்டுகிற மழையில் ஸ்கூட்டரில் வந்தார். அந்த மழையில் ஆட்டோ கிடைக்காமல் என்னைப் பின்னால் உட்காரவைத்து, "ஒரு கையால கழுத்தப் பிடிச்சுக்கிடும், ஒரு கையால என்னையப் பிடிச்சுக்கிடும். ரெண்டுல எத விட்டாலும் எம்மேல பழி" என்றார்.

ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கினார், நர்ஸோடு சண்டை போட்டார், எனக்கு டீ வாங்கிவந்தார். அவர் சட்டை முதுகில் என் இரத்தம்.

அங்கே பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது. ஆறு வருஷமாகக் கடிக்காதது, பொன்னையா வீட்டுக்குப் போய்வந்த பிறகு கடிக்கிறது. எண்ணம் வந்த உடனே வெட்கமாகவும் இருந்தது. டீயைக் குடித்தேன்.

நவம்பர் 7, வெள்ளி

அளந்துவிட்டேன். மெக்கானிக்குகள் ஸ்பார்க் பிளக் பார்க்கும் கேஜ் என்னிடம் இருக்கிறது. மெல்லிய எஃகு இதழ்கள், ஒவ்வொன்றும் ஒரு கனம். பெரிய துரையில் எப்போதும் நுழையாத இதழ் இன்று தாராளமாக நுழைந்தது. திரும்பத் திரும்ப அளந்தேன். சந்தேகமே இல்லை. இது பெரிய துரையின் தகடு அல்ல.

பட்லர் கடிக்கிறான் என்று புலம்பியவர் யார்? பத்து நாள் பெரிய துரையை வைத்திருந்தவர் யார்? தகட்டை மட்டும் மாற்றினால் உலகத்தில் எவனுக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டாமா?

பிரமுவிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு ரெண்டையும் ஒண்ணாத்தான ஊறப் போட்டிய? அந்தப் பெட்டிய ஒருதரம் தெறந்துதான் பாருங்களேன்."

வெளியே மூன்று நாளாக மழை விடவில்லை. சுவரே வியர்க்கிறது. இந்த ஈரத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்கிறாள். இவளுக்கு இதில் என்ன தெரியும்? என் கையால் செய்ததில் முறை தப்பியதில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

கூட்டம். கேட்டுவிடுவது என்றுதான் போனேன். பொன்னையா என் கழுத்துக் கட்டைப் பார்த்து, "துரைமாருக்கே கோவம் வந்துட்டா நம்ம என்ன செய்ய?" என்றார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து நெடுநேரம் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 13, வியாழன்

சங்கரி எலக்ட்ரிக் மெஷின் கூரியரில் அனுப்பியிருக்கிறாள். வண்டு மாதிரி இரைகிறது. அரைகுறைச் சவரம். ரேசர்களையெல்லாம் யாருக்காவது கொடுத்துவிடுங்கள் அப்பா என்கிறாள். பார்க்கலாம் என்றேன்.

நவம்பர் 21, வெள்ளி

கேஸ் சிலிண்டர் வந்தது. முன்வாசல் குழாய் வாஷர் மாற்றியாயிற்று. மெஷின் சவரம்.

நவம்பர் 27, வியாழன்

ஆற்றில் வெள்ளம். பாலத்தில் கூட்டமாக நின்று பார்க்கிறார்களாம். நான் போகவில்லை.

என் தலையில் மிளகாய் அரைக்காதவர்கள் யார்? துறைத்தலைவர் பதவி எனக்கு வரவேண்டியது. இரண்டு வருஷம் இளையவருக்குப் போனது, அவருக்கு நானே மாலை போட்டேன். அந்தக் கதையைக் கேட்ட நாளிலிருந்து பொன்னையா சொல்வார்: "உம்ம தலையில ஒருத்தன் மொளகா அரைச்சா, அம்மி ஆடாம நீரே பிடிச்சுக்கிடுவீரு. ஒரு நாளாவது வாயத் தொறந்து கேளும் வேய்."

இப்போது அரைப்பவர் அவர். நானும் அம்மியைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

டிசம்பர் 6, சனி

பேச வேண்டியதை மனப்பாடம் செய்கிறேன். குளியலறையில் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். பிரமு வெளியிலிருந்து, "யாருட்ட பேசுதிய?" என்றாள்.

டிசம்பர் 14, ஞாயிறு

கேட்டுவிட்டேன்.

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். டாக்டர் டீ வரவழைத்திருந்தார். பொன்னையா மருமகள் சமையலைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தார். நான் பெரிய துரையையும் கேஜையும் எடுத்து மேஜைமேல் வைத்தேன். இதழை இடைவெளியில் விட்டுக் காட்டினேன். வகுப்பில் செய்முறை காட்டுவது போலத்தான்.

"இது என் தகடு இல்ல, பொன்னையா."

"பின்ன யாருதாம்?" என்று சிரித்தார். சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது.

டாக்டர் உருப்பெருக்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். இடைவெளி கூடுதலாகத்தான் இருக்கிறது என்றார். அதற்குமேல் அவர் தலையிடவில்லை, டீ கிளாஸ்களை எடுத்துக் கழுவப் போய்விட்டார்.

பட்லரைக் கொண்டுவாருங்கள், இங்கேயே வைத்து அளந்துவிடலாம் என்றேன். பட்லர் கடிப்பதாகத் தான் சும்மா சொல்வது என்றும், கடித்தது தன் அவசரக் கைதான் என்றும் பொன்னையா சொன்னார். முன்னே ஒன்று, இப்போது ஒன்று. அதையும் அவரிடம் எடுத்துக்காட்டினேன்.

அவர் எழுந்து செருப்பைத் தேடினார். காலில்தான் போட்டிருந்தார்.

"எம் வீட்டுச் சாமானக் கேஜ் வச்சுப் பாக்கணுமா வேய்?" என்றார். பிறகு வாசலில் நின்று, "ஒரு நாளாவது வாயத் தொறந்து கேளும்னு நான்தான் சொன்னேன். கடைசில எங்கிட்டதான் கேட்டீரா" என்றார்.

நிரபராதியாக இருந்தால் பட்லரைக் கொண்டுவந்திருக்கலாமே.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். முதுகு நேராக இருந்தது போல ஓர் உணர்வு. வாழ்க்கையில் முதல் முறையாக, எனக்குரியதை ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறேன். பிரமுவிடம் சொன்னேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். தோசை மட்டும் இரண்டு கருகியிருந்தது.

டிசம்பர் 24, புதன்

பொன்னையாவின் மனைவி எஸ்தர் ஆட்டோவில் வந்து கிறிஸ்துமஸ் பலகாரம் கொடுத்தார்கள். உள்ளே வரவில்லை. வேலை கிடக்கிறதாம். ஒவ்வொரு வருஷமும் பொன்னையாதான் கொண்டுவந்து, பாதியை இங்கேயே உட்கார்ந்து தின்றுவிட்டுப் போவார்.

அச்சுமுறுக்குக்கு நடுவே ஒரு சிறு பொட்டலம். பிரித்தால் ரேசர்த் தகடு. ஒரு வார்த்தை எழுதிவைக்கவில்லை.

கேஜ் எடுத்தேன். அந்த இதழ் நுழையவில்லை. மெல்லிய இடைவெளி. என் தகடுதான். பிரமுவிடம், "பார்த்தியா? நான் சொன்னேனே" என்றேன். அவள் தகட்டை வாங்கிப் பார்த்து, "இது இங்கன தேஞ்சிருக்கே. உங்களது புதுசு கணக்கால்லா மின்னும்" என்றாள்.

உண்மைதான், ஒரு மூலையில் முலாம் தேய்ந்திருக்கிறது. இரண்டு மாதத்தில் எப்படிக் கெடுத்து வைத்திருக்கிறார்.

டிசம்பர் 26, வெள்ளி

மெஷினைப் பெட்டியில் போட்டுப் பரணில் வைத்துவிட்டேன். பெரிய துரையில் அந்தத் தகட்டைப் பூட்டிச் சவரம் செய்தேன். பூப்போல வழித்தது. கழுத்துத் தழும்பின்மேல்கூட ஒன்றும் ஆகவில்லை. அவருடைய முரட்டுத் தகட்டை மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். வந்து கேட்டால் கொடுத்துவிடலாம். எனக்குப் பகை ஒன்றும் இல்லை.

ஜனவரி 2, வெள்ளி

புத்தாண்டுக்குப் பொன்னையாவின் போன் வரவில்லை. நான் செய்வது முறையாகாது.

ஜனவரி 11, ஞாயிறு

கூட்டத்தில் நானும் டாக்டரும் மட்டும். பொன்னையா தன்னுடைய ரேசர், பிரஷ், கிண்ணம் எல்லாவற்றையும் ஒரு அட்டைப்பெட்டியில் கொண்டுவந்து டாக்டரிடம் கொடுத்துவிட்டாராம். இனிமேல் வேண்டாம் என்றாராம். டாக்டர் பெட்டியைத் திறந்து காட்டினார். பொன்னையா சிரத்தை இல்லாதவர் என்று நான் நினைத்திருந்தேன். ஒவ்வொரு ரேசரையும் தனித்தனியாகப் பழைய வேட்டித் துணியில் சுற்றியிருந்தார். பட்லரும் இருந்தது. பிடியும் மேல்மூடியும் மட்டும்.

"இதுக்கு மட்டும் தகடு இல்ல, சார். கேட்டேன், அது போயிருச்சுன்னு சொன்னாரு" என்றார் டாக்டர்.

முரட்டுத் தகட்டைக் கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் டாக்டர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். பொன்னையா தாடி வளர்க்கிறாராம்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். சங்கரி குடும்பத்தோடு வந்திருக்கிறாள். கழுத்துத் தழும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பொன்னையா மாமா எங்கப்பா, கரும்பு வாங்க வரலையா?" என்றாள். பிரமு என்னைப் பார்த்தாள்.

ஜனவரி 18, ஞாயிறு

வெயில். ஈரம் வற்றிவிட்டது. டேப்பைப் பிரித்துப் பெட்டியைத் திறந்தேன். எல்லாம் நன்றாக இருக்கின்றன, ஒன்றுகூடக் கறுக்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து அளந்தேன். திறந்ததும் அளப்பது என் வழக்கம்.

சின்ன துரையை அளந்தேன். அந்த இதழ் நுழையவில்லை.

கேஜைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தேன். தகட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். முலாம் நான்கு மூலையிலும் புதிதுபோல இருந்தது. பெரிய துரையிலிருந்து தேய்ந்த தகட்டைக் கழற்றினேன். இழுப்பறையிலிருந்து முரட்டுத் தகட்டை எடுத்தேன். மூன்றையும் செய்தித்தாளில் வரிசையாக வைத்தேன்.

என்னிடம் இருப்பது இரண்டு துரைகள். தகடு மூன்று.

பிரமு காப்பியோடு வந்தவள் செய்தித்தாளைப் பார்த்தாள். அவளுக்குக் கேஜ் தேவைப்படவில்லை.

"அவரு தன்னுதக் கழத்திக் குடுத்திருக்காரு" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"போய்ச் சொல்லிருங்க."

"எந்த முகத்த வச்சுக்கிட்டுப் போக?"

"அதான் பூப்போல வழிச்சிருக்கியளே, அந்த முகத்தத்தான்."

காப்பி ஆடை படர்ந்துவிட்டது.

ஜனவரி 21, புதன்

ஒரே வட்டையில் ஊறப்போட்டதும், தகட்டை மாற்றிப் பூட்டியதும் நான்தான். அக்டோபர் 26இல் என் கையெழுத்தில் இருக்கிறது. படித்தேன். ஆனால் அன்றைக்குப் பட்லரை அளக்கச் சம்மதித்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்பதும் உண்மைதானே.

இந்த வரியை அடிக்கலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

ஜனவரி 25, ஞாயிறு

பட்லரின் தகட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பொன்னையா வீட்டுக்குப் போனேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அன்றைக்குப் போல மனப்பாடம் ஆகவில்லை.

கதவைத் திறந்தவரை முதலில் யாரோ என்று நினைத்தேன். தாடி முழுவதும் வெள்ளை. கன்னம் ஒட்டியிருந்தது.

"வாங்க சார். உக்காருங்க" என்றார்.

பழகிய பதினெட்டு வருஷத்தில் அவர் என்னை "நீங்க" என்று சொன்னதில்லை. ஃபேனைப் போட்டார். என் பக்கம் திருப்பிவைத்த நாற்காலியில் உட்காராமல் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். எஸ்தர் டீ கொடுத்தார்கள். தாடி ஏதும் வேண்டுதலா என்று சர்ச்சில் கேட்கிறார்களாம், என்ன பதில் சொல்வது என்றே தெரியவில்லையாம். பொன்னையா அவர்களைப் பார்க்க, அவர்கள் உள்ளே போய்விட்டார்கள்.

மகன், மருமகள் சௌகரியமா என்று கேட்டேன். சௌகரியம் என்றார். இந்த வருஷம் மழை அதிகம் என்றேன். ஆமாம் என்றார். சட்டைப் பையில் தகடு உறுத்திக்கொண்டிருந்தது. கையை வைத்தேன். கை வைத்ததை அவர் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன்.

"ஷேவிங் இப்ப நல்லா வருதா சார்?"

அவர் வழியைத் திறந்துவிட்டார். அதற்குமேல் ஒருவர் என்ன செய்ய முடியும்? நான் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வருது" என்றேன்.

"அப்பச் சரி."

வாசல்வரை வந்து வழியனுப்பினார். பார்த்துப் போங்க, தெருவில் பள்ளம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள் என்றார்.

பிரமு, "குடுத்தியளா?" என்று கேட்டாள். பொன்னையா வீட்டில் இல்லை என்று சொன்னேன்.

ஜனவரி 26, திங்கள்

தகடுகளை அததற்கு உரிய ரேசரில் பூட்டினேன். ஒவ்வொன்றாக. மீந்த தகட்டைத் துணியில் சுற்றி, சிலிக்கா பொட்டலத்தோடு பெட்டியில் தனியாக வைத்து, டேப் ஒட்டினேன். மழைக்காலம் முடிந்துவிட்டதுதான். இருந்தாலும்.

சவரம்: பெரிய துரை. புது பிளேடு. காயம் இல்லை.